முதல்ல எழும்ப ஆசைப்பட்ட வேதமாணிக்கம்

ஒரு ஊர்ல ஒரு வேதக்கோயில் கமிட்டித் தலைவர் இருந்தாராம். பேரு வேதமாணிக்கம். அவருக்குச் சாகுறதப் பத்திக் கொஞ்சங்கூடப் பயமில்ல. எழும்புறதப் பத்திதான் பயம். என்ன முழிக்க? ம் கொட்டு.

"ம்."

கடைசி நாள்ல வானத்துல எக்காளம் ஊதும், செத்தவங்கல்லாம் எழும்புவாங்கன்னு வேதத்துல இருக்குல்லா? மத்தவங்கல்லாம் அத நம்பிட்டு நிம்மதியா இருந்தாங்க. இவரு மட்டும், "எழும்புறது சரி, யாரு முதல்ல?"ன்னு கேட்டாரு. கோயில்ல முதல் பெஞ்சு, அசன விருந்துல முதல் பந்தின்னு இருந்த மனுசன். அங்க போயி வரிசையில நிப்பாரா?

அப்புறம் என்ன, உசுரோட இருக்கும்போதே கல்லறைத் தோட்டத்து மேட்டுல தனக்கு ஒரு கல்லறை கட்டிட்டாரு. ஆண்டவர் கிழக்க இருந்து வருவாருன்னு எல்லாரையும் கிழக்க கால் நீட்டித்தான் வைப்பாங்க. இவரு கல்லறை எல்லாருக்கும் கிழக்க, முன்னால. குழி வெட்டுனது ஏசடியான். அவனும் அவன் அம்மா அன்னாளும்தான் அந்த ஊருக்கே குழி வெட்டுறவங்க.

கட்டுனா போதுமா? எழும்பிப் பாக்கணும்லா! வெள்ளை வேட்டி கட்டி, உள்ள எறங்கிப் படுத்தாரு. எந்திரிக்கப் போனா முழங்கால் மடக்குனு புடிச்சிக்கிட்டு. அப்போ பிடிச்சி எழும்ப ஒரு இரும்புக் கம்பி வச்சாரு.

ரெண்டாவது தடவ படுத்தாரு. கிழக்க பாத்தா ஒரு தென்னமரம் மறைக்கி. "ஆண்டவர் வாறது எனக்குத் தெரியாம போயிருமே!"ன்னு அதையும் வெட்டச் சொன்னாரு. மடமடன்னு சாஞ்சிது, காய்ச்ச மரம்.

"ம்."

மூணாவது, மேல மூடுற கல்லு. அதத் தள்ள முடியுமான்னு பாக்கணும். அன்னைக்குக் காலையிலதான் பாவம், அன்னாள் செத்துப் போயிட்டா. ஏசடியான் அழுதுக்கிட்டே வந்து நின்னான்.

"ஐயா, பள்ளத்துல வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. அம்மாவ தண்ணிக்குள்ள எப்படி வைக்க? மேட்டுல ஒரு ஓரம் தாங்கய்யா."

அந்தத் தோட்டத்து நடுவுல ஒரு சுவரு உண்டு. மேடு பெரிய குடும்பங்களுக்கு, பள்ளம் மத்தவங்களுக்கு. செத்த பொறவும் சுவரு! எனக்குச் சொல்லும்போதே வயிறு எரியுது.

"அது எப்படிலே?"ன்னாரு வேதமாணிக்கம். "நாளைக்கு எழும்பும்போது வரிசை கலைஞ்சிரும்லா?"

பக்கத்துல நின்ன பாதிரி ஐயரு, வேதம் படிச்ச ஐயரு, வாயே தொறக்கல. ஏசடியான் போயிட்டான்.

அப்புறம் இவரு குழிக்குள்ள படுத்துக்கிட்டு நாலு ஆளு வச்சிக் கல்ல மூடச் சொன்னாரு. காத்துக்கு ஒரு விரல் சந்து மட்டும் விட்டாங்க. "நான் தள்ளிட்டு வாரேன், நீங்க போயி டீ குடிங்கலே"ன்னாரு. ம்ஹூம்ம்னு தள்ளுனாரு. கல்லு அசையல. இன்னொரு தள்ளு, அசையல. சரி, கொஞ்சம் மூச்சு வாங்கலாம்னு கண்ண மூடுனாரு. உள்ள குளுகுளுன்னு இருந்துச்சா, கொர்ர் கொர்ர்னு தூங்கிட்டாரு.

தூங்கிட்டியா நீயும்?

"இல்ல... ம்."

அப்போ, பாம் பாம் பாரேரே!ன்னு ஒரு சத்தம். முழிச்சாரு. ஒரே இருட்டு. மேல கல்லு. வெளிய எக்காளம்! "ஆத்தாடி, நான் எப்போ செத்தேன்?"ன்னு அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. தள்ளுறாரு, கல்லு நகரல. தடதடன்னு காலடிச் சத்தம் தலைமாட்டத் தாண்டிப் போகுது. எல்லாரும் எழும்பிப் போறாங்க, இவரு மட்டும் உள்ள!

"ஆண்டவரே! நான் வேதமாணிக்கம்! கமிட்டித் தலைவர்! என்ன விட்டுட்டுப் போயிராதீங்க!"ன்னு சின்னப் புள்ள மாதிரி கதறுனாரு.

சத்தம் நின்னுச்சு. பத்துக் கை சேந்து கல்லப் பொரட்டுச்சு, கர்ர்ர்ர். வெளிச்சத்துல முதல்ல தெரிஞ்ச மூஞ்சி ஏசடியான்.

"எலே!"ன்னு அலறுனாரு. "நீ எனக்கு முந்தியே எழும்பிட்டியாலே?"

வந்த சனமெல்லாம் சாவு ஊர்வலம்னு மறந்து சிரிச்சிட்டு. ஊதுனது அன்னாளுக்கு வந்த சாவு பேண்டு. வேற வழியில்லாம அவள அந்தத் தண்ணிப் பள்ளத்துக்குத்தான் தூக்கிட்டுப் போறாங்க.

ஏசடியான் மட்டும் சிரிக்கல. கை குடுத்து அவர மேல தூக்கி விட்டான். வேட்டி மண்ணத் தட்டி விட்டான். அப்புறம் மெதுவாச் சொன்னான்:

"ஐயா, நீங்கதான் எழும்பிட்டீங்களே. எழும்புனவருக்குக் கல்லறை எதுக்கு?"

அவரு குழியப் பாத்தாரு, மெல்ல ஓரமா நகந்து நின்னாரு. ஐயருக்கு அப்பதான் நாக்கு வந்துச்சு போல. புஸ்தகத்த விரிச்சி ஜெபிக்க ஆரம்பிச்சிட்டாரு. அன்னாள அவரு கட்டுன கல்லறையிலயே மெதுவா எறக்கி, கிழக்க கால் நீட்டி, மேட்டுல, எல்லாருக்கும் முன்னால வச்சாங்க.

"அப்போ அவரு செத்தப்போ?"

மேட்டுல எடம் நெறஞ்சி போச்சு. பள்ளத்துலதான். ஏசடியான்தான் வெட்டுனான். தண்ணி எல்லாத்தையும் வாளி வாளியா எறச்சி, ஈரம் தெரியாம மணல் விரிச்சிதான் வச்சான்.

கதை முடிஞ்சி குழியேறிட்டு, கண்ண மூடு. காலையில எழுப்பி விடுதேன்.