மிரோ சொல்லாத சொல்

அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்தில், பந்தோடு ஓடுபவனை எத்தனை பேர் அமுக்கினாலும், அவனே “போதும்” என்று சொன்னால்தான் ஆட்டம் நிற்கும்.

பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரிக்கு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து படிக்க வந்தான் மிரோ. ஒல்லியான உடம்பு. அணியில் சேர்ந்தால் சாப்பாடும் அறையும் இலவசம். சேராவிட்டால் மறுபடி சுரங்கம்தான்.

அணித்தலைவன் ஹார்லன் நீதிபதியின் மகன். சேறு என்றாலே முகம் சுளிப்பவன்.

“டேய் கரிமூட்டை, எங்கள் பதினோரு பேரையும் தாண்டி, மைதானத்தின் கடைசியில் இருக்கும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தை வை. அணியில் சேர்த்துக்கொள்கிறேன். ‘போதும்’ என்றாயோ, ஊருக்குக் கிளம்பு.”

“சரி, கேப்டன்.”

முந்தின நாள் மழையில் மைதானம் சேறாகியிருந்தது. மிரோ ஓடினான். அமுக்கினார்கள். எழுந்து மறுபடி ஓடினான். ஒவ்வொரு முறையும் பந்தைச் சேற்றில் நன்றாகப் புரட்டிக்கொண்டே விழுந்தான்.

“சொல்லுடா, போதும் என்று சொல்லு.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியில் ஹார்லனின் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. “சீ, என்ன பந்து இது? போய்த் துடைத்துக்கொண்டு வா.”

துடைக்கும் துண்டு கோட்டுக்குப் பின்னால் வேலியில் தொங்கியது. பதினோரு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மிரோ நடந்தே போய், கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தான்.

“துடைக்கத்தானே அனுப்பினேன்? ஆட்டம் நின்ற பிறகு வைத்தால் செல்லாது.”

“நின்றுவிட்டதா, கேப்டன்? நான் இன்னும் ‘போதும்’ சொல்லவே இல்லையே.”

மற்ற பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

“உனக்கு என்ன அளவில் அணிச் சட்டை வேண்டும்?” என்று கேட்டான் ஹார்லன்.