முத்திருளனின் புள்ளிகளும் எங்கள் ஒரே வெற்றியும்

எங்கள் கொக்குமேடு கபடிக் குழுவைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கண்டபடி பேசுவார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியைச் செயலாளர் என்ற முறையில் நானே சொல்லிவிடுகிறேன்.

முத்திருளன் பதினான்கு வருஷம் எங்களுக்காகப் பாடிப் போனவர். எடுத்த புள்ளிகள் ஆயிரத்து நூற்று நாற்பது. நோட்டில் இருக்கிறது. அவர் ஆடி நாங்கள் ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அதை எழுத நோட்டு தேவைப்படவில்லை. இப்போது முட்டி தேய்ந்துபோய், இந்தப் பொங்கலோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அதே சமயத்தில் ஊராட்சியில் ஆடுகளத்துக்குச் சிமெண்டுப் படிக்கட்டு கட்டி, குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரர் பெயரை அதில் எழுதுவதாகச் சொன்னார்கள். முத்திருளன் பெயர்தான் என்று முடிவு செய்து நாங்கள் கூட்டத்திலிருந்து எழுந்திருக்கும்போது, மாற்று ஆட்டக்காரன் பிச்சைமணி கையைத் தூக்கினான்.

"நான் மூணு ஆட்டம் ஆடியிருக்கேன். மூணுலயும் ஜெயிச்சிருக்கோம்."

உண்மைதான். மூன்று முறையும் எதிரணியே வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் முத்திருளன் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நடுவர் ஊதும்வரை கோட்டில் நின்றது பிச்சைமணிதான்.

தலைவர் குழந்தையப்பன் மறுபடி உட்கார்ந்தார். "புள்ளி எடுத்தவன் பெரியவனா, ஜெயிச்சவன் பெரியவனா?"

"ஜெயிக்கத்தானே ஆடுறோம்" என்றான் பிச்சைமணி.

"நாம அதுக்கா ஆடினோம்?" என்று கேட்டேன். யாருக்கும் சரியாக நினைவில்லை.

முத்திருளன் ஓரமாக உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் பெண் எடுத்த ஊர் பனையங்கால். வருஷா வருஷம் எங்களைத் தோற்கடிப்பதும் அந்த ஊர்தான். ஆட்டம் முடிந்ததும் அவர் மச்சான் வந்து, "நீங்க நல்லாத்தான் ஆடினீங்க மாப்பிள்ளை" என்பார்.

"பேரு எழுதுறது உங்க இஷ்டம்" என்றார் முத்திருளன். "அந்தத் 'தான்' இல்லாம ஒரு தடவை அவர் சொல்லிக் கேட்டுட்டா எனக்குப் போதும்."

இரண்டு ஊருக்கும் பொதுவான நடுவர் ஞானசிகாமணியிடம் யோசனை கேட்கப் போனோம்.

"புள்ளியை மட்டும் பாக்காதீங்க. அந்தப் புள்ளிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

நோட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத்தில் தலைவர் வீட்டு எருமையின் கழிச்சலுக்கு மருந்து எழுதியிருந்தது. "இது குணமாயிடுச்சு" என்றார் தலைவர். அதை முத்திருளனுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டோம்.

நடுவரிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரையும் எடை போடுங்கய்யா. ஆனா வெற்றியையும் சேத்து எடை போடணும். அதை விட்டுடாதீங்க."

எங்கள் ஊர் அரிசி ஆலையில் மெஷின் ஓட்டுகிறவர் பெயர் வெற்றி. வேலையை விட்டு வரமாட்டேன் என்றார். நடுவர் உத்தரவு என்று சொல்லித் தராசில் ஏற்றினோம். முத்திருளனும் வெற்றியும் நூற்று முப்பத்தெட்டு கிலோ. பிச்சைமணியும் வெற்றியும் நூற்று அறுபத்தொன்று. பிச்சைமணி மீசையைத் தடவினான்.

"வெற்றி ரெண்டு பக்கமும் அதே கனம்தான் இருந்தாரு" என்றார் தலைவர். "அதனால வெற்றியை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது."

மூன்றாவது முறை எங்களைக் கண்டதும் நடுவர் சைக்கிளை எடுத்தார். தலைவர் கேரியரைப் பிடித்துக்கொண்டார். "அவர் இல்லாம உங்க அணி எப்படி, அணி இல்லாம அவர் எப்படின்னு யோசிங்க, போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவரால் கிளம்ப முடிந்தது.

யோசிப்பது எங்களுக்குக் கஷ்டம் என்பதால் ஆடியே பார்த்தோம். பனையங்கால்காரர்களை வரவழைத்து, முதல் நாள் முத்திருளன் இல்லாமல் ஆறு பேர் நின்றோம். எங்கள் முறை வந்தபோதெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாடிப் போவது முத்திருளன் வேலையாயிற்றே. நாற்பதுக்குப் பூஜ்யம்.

மறுநாள் அவர் மட்டும் தனியாக நின்றார். நாங்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டினோம். பத்தொன்பது புள்ளி எடுத்து, இருபத்திரண்டு வித்தியாசத்தில் தோற்றார். நோட்டைப் பார்த்தேன். போன வருஷம் நாங்கள் எல்லோரும் கூட நின்றபோதும் பத்தொன்பது எடுத்திருக்கிறார், இருபத்திரண்டில் தோற்றிருக்கிறோம்.

"நாம நின்னதால எதுவும் குறையலை" என்றார் தலைவர்.

"கூடவும் இல்லை" என்றேன்.

இடது மூலையில் பதினான்கு வருஷம் நின்றவன் நான். முழங்கையில் தழும்பு இருக்கிறது. அது மட்டும் இல்லாவிட்டால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

முத்திருளனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போகும்போது ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தோம். வழி கண்டுபிடித்தவர் தலைவர். "எப்பவும் எதிரணிதானே ஜெயிக்குது? அவரை எதிரணியில சேத்துட்டா?"

மாப்பிள்ளைதானே என்று பனையங்காலிலும் ஒப்புக்கொண்டார்கள்.

பொங்கலன்று ஆட்டம். முத்திருளன் அவர்கள் பக்கமிருந்து பாடிக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் பழக்க தோஷத்தில் திரும்பி நின்று என் கையைக் கோத்துக்கொண்டார். நானும் பழக்கத்தில் இறுக்கிப் பிடித்தேன். நடுவர் ஊதினார். ஆள் பிடிபட்டார், எங்களுக்குப் புள்ளி. அடுத்து எங்கள் முறை. வழக்கம்போல யாரும் அசையவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த முத்திருளன் பொறுக்க முடியாமல், "சரி, நானே போறேன்" என்று எங்களுக்காகக் கிளம்பிவிட்டார். அவுட்டான எதிரணி ஆள் களத்தில் இறங்கியது தப்பு என்று அதற்கும் எங்களுக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். பனையங்கால்காரர்கள் பாடி வரும்போதெல்லாம் இதை நினைத்துச் சிரித்து, மூச்சு விட்டு அவுட் ஆனார்கள். ஐந்து புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

எதிரணி வந்திருந்தும் நாங்கள் ஜெயித்தது அதுதான் முதல் முறை. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தோம்.

மச்சான் முத்திருளனிடம் வந்தார். "நீங்க ஆடினீங்க மாப்பிள்ளை" என்றார்.

'தான்' இல்லை. முத்திருளன் கண் கலங்கிவிட்டது. 'நல்லா'வும் இல்லை என்பதை நாங்கள் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மறுநாள் கூட்டம் கூடினோம். எங்கள் ஒரே வெற்றிக்குக் காரணம் முத்திருளன் என்பதில் பிச்சைமணிக்குக்கூட ஆட்சேபம் இல்லை. படிக்கட்டில் அவர் பெயரே எழுதப்பட்டது. பிறகு தலைவர் அடுத்த வருஷத்துக்கான திட்டத்தைச் சொன்னார்.

"ஒருத்தரை அந்தப் பக்கம் அனுப்பினதுக்கே ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டோம். நாம எல்லாருமே போயிட்டா கோப்பை நமக்குத்தான்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரே ஒரு சந்தேகம். "அப்போ நம்ம பக்கம் யாரு ஆடுறது?"

"யாரும் வேண்டாம்" என்றார் தலைவர். "ஆள் இருந்தாத்தானே தோக்குறதுக்கு."