தோப்பைத் தாண்டிய ஆறு

தாழையாறு பாயும் சீமையை ரொம்பக் காலத்துக்கு முன்னால் வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலைப் பொங்கலில் நெய் குறைந்துவிட்டால், அன்றைக்குத் தீர்ப்புக் கேட்டு வருகிறவன் பாடு திண்டாட்டம். எந்த வழக்கையும் முழுதாகக் கேட்கிற பொறுமையும் அவருக்குக் கிடையாது. ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதைத் தானே ரசித்துத் தலையாட்டுவார். சபையும் கூடவே தலையாட்டும்.

அந்தச் சபையில் மருதவாணர் என்றொரு வழக்குரைஞர் இருந்தார். நிலத்தகராறோ, வியாபாரத்தில் கூட்டாளிச் சண்டையோ, ஜனங்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். எதிராளி என்ன சொன்னாலும் முதலில் "சரிதான்" என்பார். அப்புறம் அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டே போய் எதிராளியை மடக்குவார். ராஜா வயிறு குலுங்கச் சிரிப்பார். அப்போதெல்லாம் மாணிக்கராயருக்கு மட்டும் வயிறு எரியும். ராயர் ராஜாவுக்கு நெருங்கிய பிரபு. தாழையாற்றின் கிழக்குக் கரை முழுக்க அவருடைய நிலம்.

மேற்குக் கரையில் காத்தான் என்பவனுக்கு ஒரு தென்னந்தோப்பு. அவனும் அவன் பெண்டாட்டி செங்கமலமும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். அதை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஒரு வருஷம் பெய்த பேய்மழையில் ஆறு பாதையை மாற்றிக்கொண்டது. தோப்புக்குக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது, இப்போது மேற்கே ஓட ஆரம்பித்தது. காத்தான் எழுந்து வந்து பார்த்தால் தோப்பு அக்கரையில், ராயர் பக்கம் நிற்கிறது. ராயரின் ஆட்கள் அதற்குள் ஏறி இளநீர் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு சபைக்கு வந்தது. காத்தான் பக்கம் மருதவாணர் நின்றார். அவரை மண்ணைக் கவ்வ வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று ராயர் தானே வாதாட எழுந்தார்.

"அரசே, என் பாட்டன் காலத்திலிருந்து ஆறுதான் எல்லை. ஆற்றுக்குக் கிழக்கே என்னுடையது, மேற்கே காத்தானுடையது. ஆறு நகர்ந்தால் எல்லையும் கூடவே நகர வேண்டியதுதானே?"

அன்றைக்குப் பார்த்துப் பொங்கலில் நெய் இல்லை. ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஆறு எங்கேயோ, எல்லை அங்கே" என்று முடித்துவிட்டார். அது அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனதால் இன்னொரு தரமும் சொன்னார்.

"சரிதான்" என்றார் மருதவாணர்.

ராயருக்கே நம்ப முடியவில்லை. மருதவாணர் கேட்டுக்கொண்டது கொஞ்சம்தான். இந்தத் தீர்ப்பு ஆற்றங்கரை முழுவதற்கும் பொருந்த வேண்டும். தோப்பைக் கார்த்திகையில் காத்தானும் செங்கமலமும் ராயர் வீட்டுக்கே வந்து ஒப்படைப்பார்கள், அதற்கு அரசரும் வர வேண்டும். ராஜா ஆகட்டும் என்றார். ராயர் பெருமை தாங்காமல், விருந்தே வைக்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் செங்கமலம் பிடித்துக்கொண்டாள். "தோப்பக் காப்பாத்துவீங்கன்னுதானே ஐயா உங்ககிட்ட வந்தோம்? சரின்னு சொல்றதுக்கு நாங்க போதாதா?"

மருதவாணர் சிரித்தார். கார்த்திகைக்குள் ஒரு பரிசலைத் தயார் பண்ணி, சட்டி பானையையும் மூட்டை கட்டி வைக்கச் சொன்னார். ஊரை விட்டே போகச் சொல்கிறார் என்று நினைத்து அவள் இன்னும் அழுதாள்.

கார்த்திகை வந்தது, மழையும் வந்தது. ராயரின் மாளிகை மேட்டில்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கிழக்கே இருந்த கொல்லைப்புறத் தெரு பெரும் பள்ளம். வருஷாவருஷம் வெள்ளம் வந்தால் ஆறு மாளிகையைச் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாக ஓடும். ராயரே இதைச் சபையில் சொல்லிப் புலம்பியிருக்கிறார். தோப்புக் கிடைத்த சந்தோஷத்தில் அவர் அதை மறந்துபோனார். மருதவாணர் மறக்கவில்லை.

ராஜா படகில் வந்து இறங்கினார். ராயர் வாசலில் மாலையோடு நின்றார். பின்னாலேயே ஒரு பரிசல் சுழன்று சுழன்று வந்தது. அதில் மருதவாணர், காத்தான், செங்கமலம், சட்டி பானை, அம்மிக்கல், ஒரு வெள்ளாடு. ஆடு முதலில் குதித்து வாசல் வாழைமரத்தை மேய ஆரம்பித்தது.

"இது என்ன கூத்து, மருதவாணரே?" என்றார் ராஜா.

"தங்கள் தீர்ப்பை நிறைவேற்ற வந்தோம், அரசே. இன்று ஆறு இந்த வீட்டுக்குக் கிழக்கே ஓடுகிறது. ஆற்றுக்கு மேற்கே உள்ளது காத்தானுடையது. அதனால் குடிபுக வந்திருக்கிறார்கள்."

செங்கமலத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவள் தாமதிக்கவில்லை. அம்மிக்கல்லை இறக்கச் சொல்லிவிட்டு, "சமையக்கட்டு எந்தப் பக்கங்க?" என்று ராயரையே கேட்டாள்.

ராயருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறு இன்றைக்கு இங்கே வரும், நாளைக்கு அங்கே போகும். அது போன போக்குக்கு, என் தாத்தா பாடுபட்டுக் கட்டின வீடு அடுத்தவனுக்குப் போய்விடுமா? இது எந்த ஊர் நியாயம்?"

"சரிதான்" என்றார் மருதவாணர். "அரசே, என் வாதம் முடிந்தது. தோப்புக்காக நான் சொல்ல வேண்டியதை ராயர் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அன்றைக்கு நல்லவேளையாகப் பொங்கலில் நெய் மிதந்திருந்தது. "ஆறு எங்கேயும் போகட்டும், பாடுபட்டவன் சொத்து போகாது" என்று புதுத் தீர்ப்புச் சொன்னார். இதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. மருதவாணருக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். காத்தான் தோப்பு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

தோப்பில் அடுத்த வெட்டு முடிந்ததும் காத்தானும் செங்கமலமும் இரண்டு குலைத் தேங்காயோடு சபைக்கு வந்தார்கள், வழக்குரைஞருக்குக் கூலி கொடுக்க. மருதவாணர் ஒரு குலையை எடுத்துக்கொண்டு, மற்றதை ராயர் முன்னால் வைத்தார். ஜெயித்த வாதம் ராயருடையது, கூலியில் பாதி அவருக்குச் சேர வேண்டும் என்றார். ராஜாவும் அதுதான் நியாயம் என்றார். வேலைக்காரன் கையில் கொடுக்காமல் ராயரே தோளில் சுமந்து போகவேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

ராயர் குலையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நடந்தார். வாசல் தாண்டும்போது செங்கமலம் கைகூப்பி மரியாதையாகச் சொன்னாள்.

"அடுத்த வழக்குக்கும் உங்களையே வச்சுக்கிறோங்க."