காக்கா தொடாத இலை

ஒரு ஊர்ல ஒரு வடிவாம்பா இருந்தா. தாண்டவராயனுக்குப் பொண்டாட்டி, குட்டிப் பேத்தி மலருக்கு ஆத்தா, எதுத்த வீட்டு சவுந்தரத்துக்கு உயிர்க் கூட்டாளி. எங்க, ம் சொல்லு. ம். அந்த வடிவாம்பா வயசாகிச் செத்துப்போயிட்டா.

அப்புறம் கருமாதி வந்துச்சு. செத்தவங்களுக்குப் பிடிச்சதை இலையில வெச்சு, மொட்டைமாடியில காக்காவைக் கூப்பிடணும். காக்கா கொத்துனா அவங்களே வந்து சாப்பிட்ட மாதிரி. அதுக்கப்புறம்தான் வீட்டுல மத்தவங்க சாப்பிடலாம்.

தாண்டவராயன், "அவளுக்கு வத்தக்குழம்புன்னா உசுரு"ன்னு வெச்சாரு. கா... கா... காக்கா வந்துச்சு, தலையைச் சாய்ச்சுப் பாத்துச்சு, விருட்டுன்னு பறந்துருச்சு. உசுரு யாருக்கு? அவருக்கு!

அப்போ மகன் குமரேசன், "அம்மாவுக்கு முறுக்குதான். எப்பப் பாத்தாலும் சுட்டுக்கிட்டே இருக்கும்"னான். சுட்டது அவ, நொறுக்குமொறுக்குன்னு தின்னது யாரு? இது நியாயமா, நீயே சொல்லு. ம். காக்கா விருட்!

அப்புறம் மலர் பாயசம் வெச்சா. ஆத்தா ஊட்டி ஊட்டி, கிண்ணமெல்லாம் மலர் வயித்துக்குத்தான போச்சு? விருட்!

பாத்துக்கிட்டிருந்த சவுந்தரத்துக்கு நெஞ்சு கொதிச்சுது. இருந்தப்பதான் கடைசிப் பந்தி, செத்த பிறகுமா? தடதடன்னு படியிறங்கினா. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சுடச்சுட வாழக்கா பஜ்ஜி வாங்கிட்டு வந்தா.

குமரேசன் மறிச்சான். "என்னத்தே, படையல்ல கடைப் பஜ்ஜியா? ஊரு சிரிக்கும்!"

"பல்லு இருக்கிறவன் சிரிக்கட்டும். தள்ளுடா."

"காக்கா தொடலேன்னா?"

"தொடலேன்னாலும் எடுக்க மாட்டேன். இலை உன்னோடதா? அவளோடது."

வெச்சுட்டு, இடுப்புல கையை ஊனிக்கிட்டு வெயில்ல நின்னா. நின்னா, நின்னா, நகரவே இல்ல. அப்போ படபடபடன்னு ஒரு சத்தம். காக்கா இறங்குச்சு. லபக்!

தாண்டவராயனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. "இத்தனை வருசம் குடும்பம் நடத்துன எனக்கே தெரியலியே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது தங்கச்சி?"

"சந்தைக்குப் போறப்ப ஒருநாள், உனக்கு என்னடி பிடிக்கும்னு கேட்டேன் அண்ணே. யாராச்சும் சுட்டு, சூடு ஆறாம என் கையில குடுத்தா அதான்டி பிடிக்கும்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க யாரும் கேக்கல."

காக்காவுக்கு வயிறு ரொம்பிருச்சு, கதைக்குச் சொல்லு தீந்துருச்சு. கண்ணை மூடு.