சீரமா, பிளாஸ்மாவா?

நோயாளிகள் ஆராய்ச்சிக்கென்று மனமுவந்து கொடுக்கும் ரத்தத்தை உறைய வைத்துக் காக்கும் பிரிவு அது. ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தது. சௌந்தரவல்லி அதன் தலைவி. அவரிடம் ஆறு வருஷமாகத் தொழில் கற்றவள் தமயந்தி.

எந்தக் குப்பிக்கு எந்த லேபிள், அதில் என்னென்ன அச்சாக வேண்டும் என்று மென்பொருளில் விதி எழுத வேண்டியிருந்தது. சௌந்தரவல்லி அந்த வேலையை, வந்து நாலே மாதமான ஷாஹிதாவிடம் கொடுத்துவிட்டார். தமயந்திக்கு வயிறு எரிந்தது. கொஞ்சநஞ்சமா? திகுதிகுவென்று எரிந்தது. நேற்று வந்தவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை புது விதி நடைமுறைக்கு வந்தது. திங்கட்கிழமை காலையிலேயே தமயந்தி அதைத் திறந்து வரிவரியாகத் துருவினாள். மகராசி, பிடித்தும் விட்டாள்! ஒரே ஆளுடைய ரத்தத்திலிருந்து இருவிதமாகப் பிரித்தெடுத்த சீரம் குப்பிக்கும் பிளாஸ்மா குப்பிக்கும் எழுத்து மாறாமல் ஒரே லேபிள் அச்சாகிக்கொண்டிருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே வெளிர்மஞ்சள். லேபிள் சொல்லாவிட்டால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

வாயைத் திறந்தாளா? மூச்! மாட்டட்டும், நன்றாக மாட்டட்டும் என்று இருந்துவிட்டாள். அன்று இரண்டு கரண்டி சோறு கூடவே போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை குட்டு உடைந்தது. ஷாஹிதா அழுது வீங்கிய கண்ணோடு நடமாடினாள். தமயந்தி நேரே சௌந்தரவல்லியின் அறைக்குப் போனாள்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். அந்தப் பொண்ணை விட நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?"

"ஒண்ணுலயும் குறையல."

"அப்புறம் ஏன் அவகிட்ட கொடுத்தீங்க?"

சௌந்தரவல்லி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்த மென்பொருளில் யார் எதைத் திறந்தாலும் பதிவாகிவிடும். லேபிள் விதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால், தமயந்தி. பத்து நாற்பது, தமயந்தி. பதினொன்று ஐந்து, தமயந்தி.

தமயந்தி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

சௌந்தரவல்லி ஒரு தாளை நீட்டினார். பதினோரு பெயர்கள், பதினோரு போன் நம்பர்கள், சிகிச்சை தொடங்கும் தேதிகள்.

"இவங்க ரத்தமெல்லாம் வீணாப் போச்சு. கூப்பிட்டுச் சொல்லணும்."

"எழுதினவ ஷாஹிதா. அவளே சொல்லட்டுமே மேடம்."

"அவ காலையிலேயே ஒரு தாள் வாங்கிட்டுப் போயிட்டா."

தமயந்தி முதல் பெயரைப் பார்த்தாள்.

"மேடம், சிகிச்சைக்கு முன்னாடி எடுத்த ரத்தம் இது. இவருக்கு நேத்தே மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. மறுபடி எடுக்கவே முடியாதே. இவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"ஷாஹிதாவும் இதையேதான் கேட்டா. வெள்ளிக்கிழமையிலேர்ந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் ரத்தம் கொடுத்தவங்க அவ தாள்ல இருக்காங்க," என்றார் சௌந்தரவல்லி. "உன் தாள்ல இருக்கறவங்க, திங்கட்கிழமை பதினொண்ணு அஞ்சுக்கு அப்புறம் கொடுத்தவங்க."