டீசலுக்கு ஒரு மருந்து

"டீசல்ல மருந்து ஊத்தலாங்களா சாமி, வேண்டாங்களா?"

கேட்டவர் நாச்சிமுத்து. சொந்தமாக ஒரு லாரி வைத்திருப்பவர். கையில் நீல நிறத்தில் ஒரு பாட்டில். டேங்கில் ஊற்றினால் இன்ஜின் சுத்தமாகும், மைலேஜ் கூடும் என்று அதன்மேல் எழுதியிருந்தது.

கணவாய் அடிவாரத்தில் ஒரு முனியப்பன் கோயில். அதை ஒட்டிய கொட்டகையில் சாமி இருந்தார். அவரும் ஒரு காலத்தில் அதே கணவாயில் லாரி ஓட்டியவர்தான். ஒரு நாள் வண்டியை ஓரம்கட்டி இறங்கினார், மறுபடி ஏறவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதில்லை.

மற்ற சாமிகளிடம் மோட்சம் கேட்பார்கள். இவரிடம் மைலேஜ் கேட்டார்கள்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பதுபோல நாச்சிமுத்து எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். வண்டி மேடு ஏற முக்குகிறது, கரும்புகை கக்குகிறது. மெக்கானிக் அந்தப் பாட்டில் வீண் செலவு என்றான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் அது அமிர்தம் என்றான். அவன் வேறு என்ன சொல்வான்?

"வண்டி எங்கே?" என்றார் சாமி.

"ரோட்டோரத்துல நிக்குதுங்க."

சாமி எழுந்து போனார். நாச்சிமுத்து முன்னால் ஓடி டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். சாமி டேங்க் பக்கம் போகவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே செங்கோடன் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்துவின் மனைவிக்கு ஒரே தம்பி. அந்த வண்டிக்கும் ஒரே டிரைவர்.

சாமி சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். கொட்டகைக்குத் திரும்பி, ஒரு கோரைப்பாயை எடுத்துவந்து வேப்பமர நிழலில் விரித்தார்.

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

சாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"பனி உறையிற சீமைக்கு வண்டி போனா, டீசல் கெட்டியாகாம இருக்க ஏதாச்சும் ஊத்தலாம். உன் வண்டி எங்கே போகுது?"

"பெங்களூருங்க."

"அப்ப நல்ல டீசல் போதும். ஃபில்டர்ல தண்ணி தேங்கியிருந்தா திறந்து விடு."

நாச்சிமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து கேட்டதற்கு இத்தனூண்டு பதிலா?

"வண்டி இன்னிக்கு இங்கேயே நிக்கட்டும்" என்றார் சாமி.

"முட்டை லோடுங்க சாமி. நேரத்துக்குப் போகலீன்னா அடுத்த லோடு கைய விட்டுப் போயிரும். இன்ஜினுக்கு ரெஸ்ட் எதுக்குங்க? இப்பத்தான் சர்வீஸ் பண்ணுனது."

சொல்லிவிட்டு, போய்க் கேபின் கதவைத் தட்டினார். செங்கோடன் திடுக்கிட்டு எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினான்.

பாய் வேப்பமரத்தடியில் அப்படியே கிடந்தது.

*

புரட்டாசியில் நாச்சிமுத்து மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

சாமி சொன்னபடி ஃபில்டரைத் திறந்து தண்ணீரை வடித்திருந்தார். கடைக்காரன் சொன்னபடி பாட்டிலையும் ஊற்றியிருந்தார். புகை குறைந்துவிட்டது. பேர் மட்டும் பாட்டிலுக்குப் போய்விட்டது.

வண்டி நன்றாக இழுப்பதால் போன கையோடு திரும்பும் லோடும் பிடிப்பதாகச் சொன்னார். முன்பெல்லாம் இடையில் ஒரு நாள் வண்டி சும்மா நிற்குமாம். இப்போது நிற்பதே இல்லையாம்.

"செங்கோடன்?" என்றார் சாமி.

"அவனுக்கும் ஒரு மாத்திரை இருக்குதுங்க. ஒண்ணு போட்டா கண்ணு மூடாது. நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

பாட்டிலைப் பற்றிச் சொன்ன அதே பெருமையோடு இதையும் சொன்னார்.

நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. மச்சினனுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார். தாயில்லாத பையன், கல்யாணத்தைத் தானே முன்னின்று நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஓட்டமெல்லாம். அதை நினைத்தால்தான் நமக்கு மனது ஆறவில்லை.

செங்கோடன் முகம் கழுவக் குழாயடிக்கு வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கையில் ஏந்திய தண்ணீர் முகத்துக்குப் போவதற்குள் பாதி சிந்தியது.

சாமி உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்தார். இந்தத் தடவை அவன் காலடியிலேயே விரித்தார்.

பசித்தவன் பந்தி இலையைப் பார்ப்பதுபோல் செங்கோடன் அந்தப் பாயைப் பார்த்தான். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தான்.

"நேரமாச்சு மாப்ள."

"சரிங்க மாமா."

சாமி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஞானிகள் அதிகம் பேசக் கூடாது என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை.

வண்டி புகையில்லாமல் மேட்டில் ஏறிப் போனது.

*

மார்கழியில் நாச்சிமுத்து பஸ்ஸில் வந்து இறங்கினார். எலுமிச்சம்பழம் இல்லை, கற்பூரம் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவராக வந்து நின்றார்.

சாமிக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. கணவாயின் கடைசி வளைவு அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த வளைவின் தடுப்புச் சுவரில் மோதியிருந்த நாச்சிமுத்துவின் லாரியை நடந்துபோய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

"மெக்கானிக் இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தானுங்க" என்றார் நாச்சிமுத்து. "உள்ளே கரியே இல்லையாம். புதுசாட்டம் இருக்குதாம். கேபின் மட்டுந்தானுங்க போச்சு."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்டாட்டி ஒரே ஒரு கேள்விதானுங்க கேக்கறா. எந்தம்பி கடைசியா என்னிக்குத் தூங்குனான்னு."

மேலே கணவாயில் ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றியது.

"ஆயில் மாத்துன தேதி தெரியுதுங்க சாமி. ஃபில்டர் மாத்துன தேதி தெரியுது. இது தெரியலீங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே அழுதார். சாமி அவரைத் தேற்றவில்லை.

"நான் கேட்டது டீசலைப் பத்திங்க. நீங்க பாயை விரிச்சீங்க. நான் அதுல போய் உக்காந்தனே சாமி."

"பாயை விரிச்சாப் புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றார் சாமி. "ரெண்டு தடவை விரிச்சேன். வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கணும்."

பிறகு எழுந்து உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்தார். நாச்சிமுத்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார். வேப்பமரத்தடியில் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, விரித்து, சுருண்ட ஓரங்களைக் கையால் நீவிவிட்டார். அதில் உட்காரவில்லை. பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிழல் நகர நகர அவர் பாயையும் நகர்த்திப் போட்டார்.

மதியத்துக்கு மேல் ஒரு லாரி வந்து நின்றது. இடது பக்கமாக முதலாளி இறங்கினார். நல்ல வெள்ளை வேட்டி. கையில் ஒரு பாட்டில். நீலம் இல்லை, பச்சை.

"சாமி, டீசல்ல இந்த மருந்தை ஊத்துனா..."

சாமி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாச்சிமுத்து எழுந்துவிட்டார். பாட்டில்காரரைத் தாண்டிப் போனார். வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் டிரைவர் கதவைத் திறந்தார்.

"எறங்கிப் படு கண்ணு. பாய் விரிச்சிருக்குது. தூங்கு. வண்டிய நாங்க பாத்துக்கறோம்."

டிரைவர் பாயைப் பார்த்தான்.

பிறகு முதலாளியைப் பார்த்தான்.