அண்ணன் உள்ளே, தம்பி வெளியே

ஒரு மலையூரில், ஊர்க் கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். ஒரே ஏசியின் இரண்டு பாதிகள். அண்ணன் உள்ளே வெள்ளை வெளேரென்று மின்னுவான். தம்பி வெளியே இரும்புச் சட்டத்தில் தூசி மண்டி உட்கார்ந்திருப்பான். நடுவே ஓடிய செப்புக் குழாய்தான் அவர்களுக்குப் பேச்சுவழி. காட்டின் விளிம்பில் நின்ற நாங்கு மரம் தம்பிக்குக் குடை பிடித்தது.

ஊரை ஒட்டிய மழைக்காட்டில் முந்நூறு ஏக்கரை வெட்டிக் குளுகுளு விடுதி கட்டப் போகிறார்களாம். கீழே சமவெளி வெந்துபோனதால், குளிர்ச்சி தேடி மேலே வருகிறவர்கள் தங்குவதற்காம். குளிர்ச்சிக்காகக் காட்டை வெட்டுகிற இந்த அறிவை எங்கே போய்ச் சொல்வது! அன்று பிற்பகல் ஊர்க் கூடத்தில், அதிகாரி வந்து ஊரின் சம்மதம் கேட்கும் கூட்டம்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "டேய், விடுதிக்கு நம்ம ஆளுங்க நானூறு பேர் வரப் போறாங்க. ஊருக்கே குளிர்ச்சி உண்டாக்கப் போறோம்!"

"நீ எங்கே உண்டாக்குறே? உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கி என் மேல போடுறே. நான் வெளியே தள்ளுறேன். அறைக்கு வெளியேன்னு ஒரு இடம் இருக்கு. பூமிக்கு ஏது வெளியே?"

"பொறாமைடா உனக்கு."

நாங்கு மரம் இலை குலுங்கச் சிரித்தது. "சண்டை எதுக்கு? சூடு வந்தா ஈரத்தை விட்டு ஆத்துறேன். புகை வந்தா கரியை உடம்புக்குள்ள பூட்டி வைக்கிறேன். மேகத்தையும் கூப்பிட்டு விடுறேன். காடு முழுக்க எங்களுக்கு இதே வேலைதான். ஜாலியாத்தான் இருக்கு!"

அப்போது விடுதி முதலாளி குணாளன் ஏணியோடு ஆட்களைக் கூட்டி வந்தார். வரவேற்பு பேனரில் அவர் படம் மறைகிறதாம். மரத்தின் மேற்குப் பக்கக் கிளைகள் மளமளவென்று விழுந்தன. படம் பளிச்சென்று தெரிந்தது. தம்பியின் தலையிலும் வெயில் பளிச்சென்று அடித்தது.

"அண்ணா, கொதிக்குது!"

"பொறுத்துக்கடா, அதிகாரியம்மா வந்துட்டாங்க. இன்னும் வேகமாத் தள்ளு."

தள்ளித் தள்ளிப் பார்த்தான் தம்பி. மூன்று மணிக்கு மூச்சடைத்து நின்றுவிட்டான்.

ஜன்னலெல்லாம் சாத்திய கூடத்தில் இருநூறு பேர். அண்ணனின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அதிகாரி தில்லைவாணி கையிலிருந்த கோப்பால் விசிறிக்கொண்டார். தேயிலைத் தோட்டத்துப் பேச்சியம்மாள் எழுந்தாள்.

"ஏம்மா, இதுக்குள்ள கெடந்து அவியணுமா? மரத்தடிக்கு வாங்க, சிலுசிலுன்னு இருக்கு."

கூட்டம் மொத்தமும் மரத்தின் கிழக்குப் பக்க நிழலுக்கு வந்தது. கோப்பின் மேல் ஒரு வெள்ளைப் பூ விழுந்தது. அதிகாரி அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபக்கம் கை காட்டினார்.

"காட்டை வெட்டச் சம்மதம்னு சொல்றவங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

அது கிளை வெட்டிய பக்கம். மொட்டை வெயில்.

ஒருவரும் அசையவில்லை. குணாளன் மட்டும் விறைப்பாகப் போய் நின்றார். வழுக்கைத் தலையில் வேர்வை வழிந்தது.

"அப்படியே நில்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்ற அதிகாரி, பேனாவைத் திறந்தார். உதறினார். எழுதாததால் இன்னொன்று கேட்டு வாங்கினார்.

குணாளன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு காலை மாற்றி நின்றார். அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல் நிழலுக்கு வந்துவிட்டார்.

"உக்காருங்க சார், எல்லாத்துக்கும் எடம் இருக்கு" என்று பேச்சியம்மாள் நகர்ந்து கொடுத்தாள். கூட்டமே சிரித்தது. கொஞ்சம் பொறுத்துக் குணாளனும் சிரித்துவிட்டார். 'சம்மதம்: ஒருவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

காலிக் கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "டேய், எல்லாரும் எங்கடா போனாங்க?"

"குளிர்ச்சியை உண்டாக்குறவங்ககிட்ட" என்றான் தம்பி.